ஒப்பு

முதலாமாண்டு மாணவி ஒருத்தியின் குறிப்பேடு ஒரு வாரமாக என் மேசையில் இருந்தது. திருத்தித் தரச் சொல்லிக் கொடுத்திருந்தாள். அளவுகோல் வைத்துக் கட்டம் கட்டி, இடப்பக்கம் ஆங்கில அணியின் பெயர், வலப்பக்கம் அதை அடையாளம் காணும் வழி என்று நான்கு பக்கம் எழுதியிருந்தாள். ஒவ்வொரு பெயருக்கும் மேலே பென்சிலில், பொடி எழுத்தில், தமிழில் உச்சரிப்பு: சிமிலி, மெட்டஃபர், ஆக்ஸிமோரான், சினெக்டகி. சிமிலிக்கு எதிரே 'லைக், ஆஸ் வரும்' என்று எழுதி அடியில் இரண்டு கோடு. அடுத்த பக்கத்தில் பயிற்சி. 'எனக்குத் தேநீர் பிடிக்கும்' என்று பொருள்படும் ஆங்கில வாக்கியம் ஒன்றில் 'லைக்' என்ற சொல்லை வட்டமிட்டு, பக்கத்தில் சிமிலி என்று எழுதியிருந்தாள்.

அதைச் சிவப்பு மையால் அடிக்க எனக்குக் கை வரவில்லை. சொல்லிக்கொடுத்ததை அட்சரம் பிசகாமல் செய்திருக்கிறாள். பத்தாம் வகுப்பிலிருந்தே அவளுக்கு ஆங்கிலக் கவிதை என்றால் வினாத்தாளில் இரண்டு வரி. கீழே எந்த அணி, எவை இயைபுச் சொற்கள், எவை மோனைச் சொற்கள் என்று கேள்வி. பெயரைச் சொன்னால் மதிப்பெண். அந்த அணி அந்த இடத்தில் என்ன வேலை பார்க்கிறது என்று அவளை யாரும் கேட்டதில்லை. நானும் கேட்டதில்லை.

இதே பெண் அதே பத்தாம் வகுப்பில் தமிழ்ப் பாடத்தில் தற்குறிப்பேற்ற அணியும் தீவக அணியும் நிரல்நிறை அணியும் படித்தவள். ஓர் உவமையைக் கொடுத்தால் உவமை எது, பொருள் எது, உவம உருபு எது, பொதுத்தன்மை எது என்று நாலாகப் பிரித்துக் காட்டக்கூடியவள். கல்லூரியிலும் பகுதி ஒன்று தமிழ், பகுதி இரண்டு ஆங்கிலம். மணி அடிக்கும், தமிழய்யா வெளியே வருவார், நான் உள்ளே போவேன். பலகையில் அவர் எழுதிவைத்த உருவகத்தை டஸ்டரால் துடைத்துவிட்டு நான் மெட்டஃபர் என்று எழுதுவேன். இருபது வருஷத்துக்கு மேல் இப்படித் துடைத்திருக்கிறேன். அந்தக் குறிப்பேட்டைப் பார்த்த பிறகுதான், ஒவ்வொரு நாளும் எதைத் துடைத்தேன் என்று யோசிக்கத் தொடங்கினேன்.

பெயர்களிலிருந்தே தொடங்கலாம். மெட்டஃபர் கிரேக்கச் சொல். ஓரிடத்திலிருந்து எடுத்து இன்னோரிடத்துக்குச் சுமந்து போவது என்று பொருள். ஏதென்ஸில் வீடு மாற்றுகிறவர்களின் கட்டிலையும் பீரோவையும் ஏற்றிச் செல்லும் வண்டிகளின்மேல் இன்றும் அந்தச் சொல்தான் எழுதியிருக்கும். ஒரு பொருளுக்குரிய பெயரை இன்னொரு பொருளின் வீட்டுக்குக் கொண்டுபோய் இறக்குவதைத்தான் அவர்கள் அப்படிச் சொன்னார்கள். 'எறி' என்று பொருள்படும் ஒரு கிரேக்க வினைச்சொல்லிலிருந்து மட்டும் மூன்று பெயர்கள் வந்திருக்கின்றன. இலக்கைத் தாண்டி எறிவது ஹைபர்போலி, உயர்வுநவிற்சி. பக்கத்தில் எறிவது பாரபிள். ஏசு சொன்ன கதைகளுக்கு விவிலியத்தில் அந்தப் பெயர், தமிழில் பெயர்த்தவர்கள் அதை 'உவமை' என்றே வைத்தார்கள். ஒன்றாகச் சேர்த்து எறிவது சிம்பல். நண்பர்கள் இருவர் பிரியும்போது ஓர் ஓட்டுத் துண்டையோ எலும்பையோ உடைத்து ஆளுக்குப் பாதி வைத்துக்கொள்வார்களாம். பல வருஷம் கழித்து ஒருவர் வீட்டு வாசலில் இன்னொருவர் வீட்டார் வந்து நின்றால் இரண்டு பாதியையும் சேர்த்துப் பார்ப்பார்கள். விளிம்போடு விளிம்பு பொருந்தினால் உறவு உறுதி. குறியீடு என்று நாம் சொல்லும்போது அந்த உடைந்த விளிம்பு நினைவில் வருவதில்லை. வந்தால், ஒரு குறியீட்டுக்குக் கவிதையில் பாதிதான் இருக்கிறது, மறுபாதியைக் கையில் வைத்திருப்பவர் வாசகர் என்பது விளக்கம் இல்லாமலே புரிந்துவிடும்.

சர்காசம் என்பது நாய் சதையைக் கடித்துப் பிய்ப்பது. நாமும் 'சொல்லாலேயே குதறிவிட்டார்' என்றுதானே சொல்கிறோம். ஆக்ஸிமோரான் என்றால் கூர்மழுங்கல்; கூர்மையும் மொண்ணையும் ஒரே சொல்லுக்குள் இருப்பதால் அந்தப் பெயரே அந்த அணிக்கு எடுத்துக்காட்டு. இப்படி ஒவ்வொரு பெயரும் ஒரு சிறு காட்சி. கிரேக்கக் குழந்தைக்கு அது கண்முன் நடந்திருக்கும். நம் மாணவிக்குக் கிடைப்பது பென்சிலில் எழுதிய உச்சரிப்பு மட்டும்.

ஆங்கிலேயர்களுக்கும் ஒரு காலத்தில் இதே இடர் இருந்தது. அவர்களுடைய பள்ளிகளில் லத்தீன்தான் பாடமொழி. அணிகளின் பெயர்கள் கிரேக்கமும் லத்தீனும். 1589இல் 'தி ஆர்ட் ஆஃப் இங்கிலீஷ் போயெசி' என்ற நூல் ஆசிரியர் பெயரில்லாமல் வெளிவந்தது. எழுதியவர் ஜார்ஜ் புட்டன்ஹாம் என்று கொள்கிறார்கள். நூற்றுக்கு மேற்பட்ட அணிகளை எடுத்துக்கொண்டு, ஒவ்வொன்றுக்கும் தெருவில் நடக்கும் ஆங்கிலத்தில் பெயர் வைக்க முனைந்தார் அவர். ஐரனிக்கு 'உலர்ந்த கேலி' என்று பெயர். உயர்வுநவிற்சிக்கு 'உரத்த பொய்யன்'. ஒரே சொல்லை இடைவெளியின்றி அடுக்குவதற்கு 'குயிற்பேச்சு'. சர்காசம் 'கசப்புக் குத்தல்'. பெயர்கள் மனிதர்களாகி நடமாடுவதைப் பார்க்கலாம். முதன்முதலாகக் கேட்கிறவருக்கு அணி உடனே மனசில் படியவேண்டும் என்று அவர் பட்ட அக்கறையை நினைத்தால் எனக்கு நெகிழ்ச்சியாக இருக்கிறது. ஆனால் அந்தப் பெயர்கள் நிலைக்கவில்லை. ஆங்கில மாணவர்கள் கிரேக்கப் பெயர்களையே தொடர்ந்து மனப்பாடம் செய்தார்கள். பிறகு நம்மிடமும் அவையே வந்துசேர்ந்தன.

தமிழில் அந்த வேலை செய்து முடிக்கப்பட்டு எத்தனையோ நூற்றாண்டுகள் ஆகின்றன. ஆகுபெயர், வஞ்சப்புகழ்ச்சி, பிறிதுமொழிதல், தற்குறிப்பேற்றம்: ஒவ்வொரு பெயரும் தன் வேலையைத் தானே சொல்லிவிடும். புட்டன்ஹாம் விரும்பியது இதைத்தான். எங்கள் மாணவர்கள் அந்தப் பெயர்களை ஒரு பீரியட் முன்னால் கேட்டுவிட்டு, மணி அடித்ததும் மூடிவைத்துவிடுகிறார்கள்.

இரண்டு மரபுகளும் தொடக்கத்தில் எவ்வளவு நெருக்கமாக இருந்தன என்பது, அரிஸ்டாட்டிலையும் தொல்காப்பியத்தையும் அடுத்தடுத்து வைத்துப் படித்தபோதுதான் எனக்குத் தெரிந்தது. கி.மு. 4ஆம் நூற்றாண்டில் 'பொயெட்டிக்ஸ்' எழுதிய அரிஸ்டாட்டிலுக்கு மெட்டஃபர் என்பது ஒரு பெரிய குடை. ஒன்றின் பெயரை இன்னொன்றுக்கு ஏற்றுவது எல்லாமே அதற்குள் அடக்கம். சினிமாவுக்குப் போனவர்கள் பத்துத் தலைதான் தேறும் என்று சொன்னால், அதை இன்று சினெக்டகி என்று தனியே எடுத்து வைக்கிறோம். அவருக்கு அதுவும் மெட்டஃபரின் ஒரு வகை. சிமிலியும் அப்படித்தான், சிறிய வேறுபாடுடைய மெட்டஃபர் என்கிறார். தொல்காப்பியருக்கு அந்தக் குடையின் பெயர் உவமை. அவர் உவமவியல் என்று ஓர் இயலையே எழுதினார். வேறு அணிக்கு இயல் வகுக்கவில்லை. அதே தமிழில் பின்னால் வந்த தண்டியலங்காரம், வடமொழித் தண்டியின் காவியாதரிசத்தை அடியொற்றி 35 பொருளணிகள் சொல்கிறது. மேற்கில் பட்டியல் நூறு, இருநூறு என்று நீண்டது. முதலில் வந்த இருவரும் வேரைப் பார்த்தார்கள், பின்வந்தவர்கள் கிளைகளை எண்ணினார்கள். எண்ணியதைக் குறை சொல்ல மாட்டேன். எண்ணியதால்தான் பல நுட்பங்கள் கண்ணில் பட்டன. ஆனால் வகுப்பறைக்குக் கிளைகளின் பட்டியல் மட்டும்தான் வருகிறது. நல்ல மெட்டஃபரைப் படைப்பதைப் பிறரிடமிருந்து கற்க முடியாது, ஒப்புமையைக் காணும் கண் வேண்டும் என்று அரிஸ்டாட்டில் சொல்கிறார். அந்தக் கண்ணைப் பற்றிய பேச்சு எங்கள் பாடத்திட்டத்தில் எங்கேயும் இல்லை.

தொல்காப்பியர் உவம உருபுகளாக 36 சொற்களைத் தருகிறார். அதற்கு முன்னதாக அவர் கேட்கும் கேள்விதான் முக்கியம்: ஒப்புமை எதில் இருக்கிறது? வினையிலா, பயனிலா, மெய் என்கிற வடிவத்திலா, உரு என்கிற நிறத்திலா? புலி போன்ற வீரன் என்றால் பாய்ச்சல். அவனுக்கு வரிகள் இல்லை. மழை போன்ற கை என்றால் பயன். துடி போன்ற இடை என்றால் வடிவம். பொன் போன்ற மேனி என்றால் நிறம். ஐ.ஏ. ரிச்சர்ட்ஸ் 1936இல் 'தி ஃபிலாசஃபி ஆஃப் ரெட்டரிக்' நூலில் ஒப்பிடப்படும் பொருளுக்கு டெனர், ஒப்பாக வரும் பொருளுக்கு வெஹிக்கிள் என்று பெயர் வைத்தார். ஆங்கில விமர்சனத்துக்கு அது பெரிய உதவியாக இருந்தது. வெஹிக்கிள் என்றால் வாகனம். ஏதென்ஸ் தெருவின் அந்த வண்டியே மறுபடியும் வந்து நிற்கிறது. எங்கள் மாணவி பொருள், உவமை என்று இவற்றைப் பத்தாம் வகுப்பிலேயே பிரித்தவள். அவளிடம் யாராவது சொல்லியிருக்கலாம்.

ராபர்ட் பர்ன்ஸின் 1794ஆம் வருடத்துக் காதல் கவிதை சிமிலிக்கு எல்லாப் பாடநூல்களும் காட்டும் எடுத்துக்காட்டு. காதலிக்கு ரோஜா உவமை. மாணவர்கள் 'லைக்' என்ற சொல்லை வட்டமிட்டு முடித்துவிடுவார்கள். ஒரு நாள் தொல்காப்பியரின் கேள்வியைக் கேட்டுப் பார்த்தேன்: வினையா, பயனா, மெய்யா, உருவா? எல்லாரும் நிறம் என்றார்கள். ஒரு பையன் மட்டும், நிறம் என்றால் போதுமே, ஜூன் மாதம் என்று ஏன் சொல்ல வேண்டும் என்று கேட்டான். நமக்கு ஜூன் என்றால் வெயில் இன்னும் தணியாத, பள்ளி திறக்கிற மாதம். ஸ்காட்லாந்தில் நீண்ட குளிர் முடிந்து கோடை வாய் திறக்கும் மாதம். அங்கே அப்போது மலரும் ரோஜா, காத்திருந்து கிடைத்தது. அவன் கேள்விக்குப் பிறகுதான் வகுப்பு அந்தக் கவிதைக்குள் காலடி வைத்தது.

இனி அந்தோணி. 'ஜூலியஸ் சீசர்' நாடகத்தின் மூன்றாம் அங்கத்தில் அவன் ஆற்றும் இறுதிச்சடங்கு உரையை எத்தனையோ முறை பாடமாக நடத்தியிருக்கிறேன். காதுகளைக் கடனாகக் கேட்டுத் தொடங்குகிறான். இது என்ன அணி என்று கேட்டால் எங்கள் பிள்ளைகள் விழிப்பார்கள். 'கொஞ்சம் காது குடுத்துக் கேளு' என்று வீட்டில் தினமும் கேட்கிற பிள்ளைகள்தான்.

ஆனால் உரையின் உயிர் வேறு இடத்தில் இருக்கிறது. சீசரைக் கொன்றவர்களில் ஒருவனான புரூட்டஸ் அவனைப் பேச அனுமதிக்கிறான், ஒரு நிபந்தனையோடு. சீசரை எவ்வளவு வேண்டுமானாலும் புகழலாம். கொன்றவர்களைப் பழிக்கக் கூடாது. இந்த நிபந்தனையை விட்டுவிட்டு ஐரனியை நடத்தினால் அது வெறும் தந்திரமாகத் தெரியும். பழி சொல்ல வாய் கட்டப்பட்டவன் என்ன செய்வான்? புகழ்வான். கண்ணியமானவர் என்று புரூட்டஸைப் புகழ்கிறான். மறுபடியும் புகழ்கிறான். ஒவ்வொரு முறையும் சொல் அதேதான். இரண்டு முறைகளுக்கு நடுவில் சீசர் செய்த ஒரு நல்ல காரியத்தை மட்டும் வைக்கிறான். நாலைந்து முறை ஆனதும் அந்தச் சொல் உள்ளே அழுகிப்போய், கூட்டமே அதைத் தூக்கி எறிகிறது. நிபந்தனை மீறப்படவில்லை.

தொல்காப்பியர் செய்யுளியலில் அங்கதத்தை இரண்டாகப் பிரிக்கிறார். வெளிப்படையாகப் பழிப்பது செம்பொருள் அங்கதம். பழியை உள்ளே மறைத்துச் சொல்வது பழிகரப்பு. அந்தோணிக்குச் செம்பொருள் தடை செய்யப்பட்டிருக்கிறது. பழிகரப்பு ஒன்றுதான் மிச்சம். ஐரனிக்கு நம் சிற்றேடுகளில் பழகிய சொல் முரண்நகை. படிமம், குறியீடு, தொன்மம் முதலியவற்றோடு சேர்ந்து அது நமக்கு எவ்வளவோ கைகொடுத்திருக்கிறது. ஆனாலும் இந்த உரைக்கு முன்னால் நிற்கும்போது எனக்குப் பழிகரப்பு என்ற சொல்லே வேண்டியிருக்கிறது. ஏன் மறைக்க நேர்ந்தது என்ற கேள்வி அந்தச் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது.

பிறகு சீசரின் உயிலை எடுத்துக் காட்டி, இதை நான் படிக்க மாட்டேன் என்கிறான். சொல்ல மாட்டேன் என்று சொல்லியே சொல்லிவிடும் இந்த வித்தைக்குப் பாரலிப்சிஸ் என்று பெயர். மாணவர்கள் உச்சரிக்கத் திணறுவார்கள். 'பழசை எல்லாம் நான் பேச வரல, அன்னிக்கு அந்த அஞ்சு பவுன் விஷயத்தையும் நான் கிளப்பல' என்று பேசும் சித்தப்பா எல்லார் வீட்டுக் கல்யாணத்திலும் இருக்கிறார்.

பல வருஷம் நடத்திய பிறகும் நான் கவனிக்காத ஒன்று அந்த அங்கத்தில் இருந்தது. முந்திய காட்சியில், கொன்றவர்கள் விலகிப்போனபின், அந்தோணி தனியே சீசரின் உடலருகே நின்று பேசுகிறான். அங்கே காயங்கள் ஊமை வாய்களைப் 'போல' இருக்கின்றன. அடுத்த காட்சியில் மக்கள் முன் அதே காயங்களைக் காட்டும்போது அவை ஊமை வாய்கள். 'போல' போய்விட்டது. தனிமையில் அவன் காயத்தைப் பார்த்தான். காயமும் வாயும் இரண்டாகவே இருந்தன. கூட்டத்தின் முன் அந்த இரண்டுக்கும் நடுவிலிருந்த ஒரு சொல்லை எடுத்துவிட்டான், காயங்கள் பேசத் தொடங்கின, நகரம் பற்றி எரிந்தது. உவமைக்கும் உருவகத்துக்கும் இடையிலுள்ள தூரம் 'லைக்' என்ற ஒரு சொல்தான். அந்தச் சொல் இருக்கிறதா இல்லையா என்று பார்க்கச் சொல்லிக்கொடுத்தோம். ஏன் போயிற்று என்று கேட்கச் சொல்லிக்கொடுக்கவில்லை.

எல்லாம் இப்படி ஒன்றோடொன்று பொருந்தும் என்று நான் சொல்ல வரவில்லை. பொருந்தாத இடங்கள் இன்னும் ருசியானவை. சிலப்பதிகாரத்தில் மதுரைக் கோட்டைக் கொடிகள் காற்றில் அசைகின்றன. கோவலனையும் கண்ணகியையும் வரவேண்டாம் என்று கைகாட்டித் தடுப்பதாகக் கவி தன் குறிப்பை அதன்மேல் ஏற்றுகிறார். நமக்கு அது அணி. ஆங்கிலத்தில் ஜான் ரஸ்கின் 1856இல் 'மாடர்ன் பெயின்டர்ஸ்' மூன்றாம் தொகுதியில், இயற்கைமேல் மனித உணர்ச்சியை ஏற்றிப் பார்ப்பதற்கு பதெட்டிக் ஃபாலசி என்று பெயர் வைத்தார். ஃபாலசி என்றால் பிழை. துயரத்தில் கலங்கிய மனம் உலகத்தைத் தவறாகப் பார்க்கிறது என்பது அவர் எண்ணம்; அந்தப் பிழையிலும் உண்மையான துயரம் இருந்தால் அதை அவர் மதித்தார் என்பதையும் சொல்லவேண்டும். ஒரே செயலுக்கு ஒரு மொழி அணி என்று பெயர் வைக்கிறது, இன்னொரு மொழி பிழை என்கிறது. இதை வைத்து ஒரு பருவம் முழுக்கப் பாடம் நடத்தலாம்.

உள்ளுறை உவமத்துக்கு ஆங்கில வகுப்பில் சொல்லே கிடையாது. மருத நிலத்தின் எருமையும் தாமரையும் மீனும் வெறும் காட்சியாக வந்து போகும். தலைவன் செய்த தவறு முழுவதும் அதற்குள் இருக்கும். ஒப்பிடுகிறேன் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். ஏ.கே. ராமானுஜன் சங்கப் பாடல்களை ஆங்கிலத்தில் பெயர்த்தபோது இதற்கு 'இன்செட்' என்ற சொல்லைக் கொண்டுவந்தார். மோதிரத்தில் கல் பதிப்பதுபோல ஒரு படத்துக்குள் இன்னொரு படம். ஆங்கிலம் படிக்கும் எங்கள் பிள்ளைகளுக்கு அந்தச் சொல் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் போனது என்று தெரிந்தால் நிமிர்ந்து உட்காருவார்கள்.

குறிப்பேட்டைத் திருப்பிக் கொடுத்த அன்று வகுப்பில் அபாஸ்ட்ரஃபி நடத்தினேன். வழக்காடுகிறவர் நீதிபதியிடமிருந்து சட்டென்று முகத்தைத் திருப்பி, அங்கே இல்லாத ஒருவரை அழைத்துப் பேசுவது. திரும்புதல் என்பதே அந்தச் சொல்லின் பொருள். அந்தோணி பிணத்தோடு பேசியதை எடுத்துக்காட்டாகச் சொன்னேன். பின்வரிசையிலிருந்து அந்தப் பெண் எழுந்தாள்.

"எங்க தாத்தா செத்தப்போ அப்பாயி அவரைப் பாத்துப் பேசுச்சு சார். எழுந்திரிக்கச் சொல்லிக் கூப்புட்டுச்சு. அதுவா?"

அதுதான் என்றேன். ஒப்பாரி.

"எங்க ஊருல ஒப்பு வச்சு அழறதும்பாங்க. ஒப்பு சொல்லி அழறதும்பாங்க."

ஒப்பு என்றால் என்ன என்று கேட்டேன். அவள் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு குறிப்பேட்டின் முதல் பக்கத்தைத் திறந்தாள். சிமிலி என்று பென்சிலில் எழுதியிருந்த உச்சரிப்பின் பக்கத்தில் 'ஒப்பு' என்று எழுதினாள். உட்காரப் போனவள் நின்றாள்.

"ஆனா சார், அப்பாயி 'போல'ன்னு ஒரு தடவகூடச் சொல்லல. தேரே, தங்கமேன்னு நேராத்தான் கூப்புட்டுச்சு."

சொல்லிவிட்டு ரப்பரை எடுத்து, இப்போதுதான் எழுதிய சொல்லை அழித்து, அடுத்த கட்டத்தில் மெட்டஃபருக்கு மேலே அதை எழுதிக்கொண்டாள்.